நூலகர் எப்போது படிக்கிறார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதங்கள் பகுதியில் ஒரு வாசகர், நூலகர் வேலை கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்து படித்துக்கொண்டே சம்பளமும் வாங்கலாம் என்று எழுதியிருந்தார். வாசிப்பின் மேல் உள்ள ஆசையில்தான் எழுதியிருக்கிறார், அது அந்தக் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் இருபது வருடமாகப் பொது நூலகத்தில் வேலை பார்க்கிற எனக்கு அந்த ஒரு வரி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடமே ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். வேலை நேரத்தில் ஒரு புத்தகத்தை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை நான் படித்தது கிடையாது. இருபது வருடத்தில் ஒன்றுகூட இல்லை. அதே சமயம், படிக்காத ஒருவரால் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யவும் முடியாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஒவ்வொரு நாளையும் ஓட்டுகிறோம்.

காலையில் கதவைத் திறந்ததும் செய்தித்தாள்களை ஸ்டாண்டில் மாட்டவேண்டும். வாசலில் நாலைந்து பேர் ஏற்கெனவே நிற்பார்கள், பெரும்பாலும் அதே நாலைந்து பேர், யாருக்கு எந்தப் பத்திரிகை முதலில் என்பது அவர்களுக்குள் எப்போதோ பேசி முடிவான விஷயம். அப்புறம் முந்தின நாள் திரும்பி வந்த புத்தகங்களை அதனதன் இடத்தில் அடுக்கும் வேலை. இதைப் பார்க்கிறவர்களுக்கு இது யாரும் செய்யக்கூடிய வேலையாகத் தோன்றும். ஆனால் இடம் மாறி வைக்கப்பட்ட புத்தகம் தொலைந்துபோன புத்தகத்துக்குச் சமம். கணினியில் ‘உள்ளே இருக்கிறது’ என்று காட்டும், அலமாரியில் இருக்காது, கேட்டு வந்தவர் வெறும் கையோடு போவார். ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் அது எந்தத் துறை என்று காட்டுகிற பகுப்பு எண் ஒட்டியிருக்கும். அவை தசம எண்கள் என்பதால் 510.12 என்பது 510.9-க்கு முன்னால் வரவேண்டும். ஒன்பதைவிடப் பன்னிரண்டு பெரியது என்று நினைத்துப் புதிதாக வந்தவர்கள் பின்னால் வைத்துவிடுவார்கள், அந்தப் புத்தகம் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை யார் கண்ணிலும் படாது. அதனால் தினமும் ஒரு வரிசையாவது விரலால் தொட்டுக்கொண்டே எண்களைப் பார்த்துப்போவேன். புத்தகங்களின் முதுகை மட்டும் படிக்கிற படிப்பு இது. ஒரு நாளில் நான் அதிகம் படிப்பது இதைத்தான்.

இந்த எண் முறை அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்டது. உலகத்தில் உள்ள அறிவையெல்லாம் பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது. இன்றும் எவ்வளவோ நாடுகளில் நூலகங்கள் இதன் மேல்தான் ஓடுகின்றன, எனக்கும் அதன் மேல் மதிப்பு உண்டு. ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்றே இலக்கம். தமிழ் இலக்கியம் 894.811-ல் போய் நிற்கிறது, கவிதை என்றால் அதற்குப் பின்னால் இன்னொரு 1, நாவல் சிறுகதை என்றால் 3. மெல்லிய கவிதைத் தொகுப்பின் முதுகில் இந்த ஏழு இலக்கத்தையும் ஒட்ட இடம் இருக்காது, முன் அட்டையில் மடித்து ஒட்டவேண்டியிருக்கும். வகுத்தவர் எங்கே நின்று உலகத்தைப் பார்த்தார் என்பது அந்த லேபிளின் நீளத்திலேயே தெரிகிறது.

புதிய புத்தகக் கட்டு வந்தால் அன்றைக்கு வேறு எதுவும் நடக்காது. பில்லோடு ஒத்துப்பார்த்து, பக்கங்கள் ஒழுங்காக இருக்கிறதா, தலைகீழாகத் தைத்திருக்கிறதா என்று புரட்டி, சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, திருப்பித் தரவேண்டிய தேதியைக் குறிக்கிற நாள்தாள் ஒட்டி, பகுப்பு எண் கொடுத்து, கணினியில் ஏற்றவேண்டும். இதில் பகுப்பு எண் கொடுக்கிற இடத்தில்தான் கொஞ்சம் நின்று படிக்கவேண்டியிருக்கிறது. தலைப்பை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம். நதி என்று தலைப்பில் இருக்கும், உள்ளே போனால் அது பாதிக்கு மேல் தண்ணீர்ப் பங்கீட்டு வழக்குகளைப் பற்றியது. நிலவியலில் வைத்தால் சட்டம் படிக்கிறவர் அதைப் பார்க்கவே மாட்டார். அதனால் முன்னுரை, பொருளடக்கம், நடுவில் ஏதாவது ஒரு அத்தியாயத்தில் நாலு பக்கம், இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் எண் கொடுக்கிறேன். ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் நூறு புத்தகம் வந்தால் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அந்த நேரத்திலும் கவுண்டரில் ஆள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

தமிழ்ப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவதில் இன்னொரு சங்கடம், இதைப் பற்றி வெளியே யாரும் பேசி நான் கேட்டதில்லை. தலைப்பில் ஒற்று மிகுமா மிகாதா, இரண்டு சொல்லைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதில் அட்டையில் ஒரு விதம், உள்பக்கத்தில் ஒரு விதம் இருக்கும். வாசகர் மூன்றாவது விதமாகத் தேடுவார். ஆசிரியர் பெயரில் இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஊர்ப் பெயர் சேர்ந்த பெயரா, புனைபெயரா என்று அதிலும் பல வகை. ஒரே எழுத்தாளர் கணினியில் மூன்று ஆளாக உட்கார்ந்திருப்பார். இவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரே பெயரின் கீழ் கொண்டுவருவது பல மாதங்களாக நடக்கிற வேலை, இன்னும் முடியவில்லை. 2007-ல் ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் உலக அளவில் கொடுக்கிற தனி எண், பத்து இலக்கத்திலிருந்து பதின்மூன்று இலக்கமானது, அந்த எண் ஒழுங்காக அச்சிடப்பட்டிருந்தாலே எங்களுக்குப் பாதி வேலை குறையும். பழைய புத்தகங்களுக்கு அதுவும் கிடையாது.

பூச்சியையும் தூசியையும் பற்றி ஒரு வரி. ராமபாணப் பூச்சி பசையைத் தேடி பைண்டிங்குக்குள் போகும். மழைக்காலத்தில் பூசணம் வரும். இந்த இரண்டையும்விட எனக்குப் பயம், கிழிந்த பக்கத்தை அன்போடு செல்லோடேப் போட்டு ஒட்டித் திருப்பிக் கொடுக்கிற வாசகர்தான். சில வருடத்தில் அந்தப் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், எழுத்தும் போய்விடும். தயவுசெய்து கிழிந்ததைக் கிழிந்தபடியே கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சரி, கவுண்டருக்கு வருகிறேன். நான் உண்மையில் சொல்லவந்தது இங்கேதான் இருக்கிறது.

வாசகர் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக அவர் மனதில் இருக்கிற கேள்வியாக இருக்காது. ‘சட்டப் புத்தகம் எங்கே இருக்கு’ என்று கேட்டவரிடம் இரண்டு வார்த்தை பேசினால், வாடகை ஒப்பந்தத்தில் தான் கையெழுத்துப் போட்ட ஒரு வரி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருப்பார். ‘ஞாபகசக்தி வளர்க்கிற பயிற்சி புத்தகம் இருக்கா’ என்று ஒரு பெரியவர் கேட்டார். மாணவர்களுக்கான நினைவாற்றல் புத்தகங்களை எடுத்துக் கொடுத்திருந்தால் அன்றைக்கு என் வேலை முடிந்திருக்கும். உங்களுக்கா ஐயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், பிறகு தன் மனைவிக்கு என்றார், நாளுக்கு நாள் எல்லாம் மறந்துகொண்டே வருகிறது, நேற்று என்னையே யார் என்று கேட்டாள் என்றார். அவருக்குத் தேவைப்பட்டது பயிற்சிப் புத்தகம் கிடையாது. மறதி நோய் வந்தவரோடு வீட்டில் இருந்து பார்த்துக்கொள்கிறவருக்காக எழுதப்பட்ட ஒரு புத்தகம் எங்களிடம் இருந்தது. அதை மருத்துவத்தில் வைத்திருந்தோம், தலைப்பில் ஞாபகம் என்ற சொல்லே கிடையாது, எந்தக் கணினித் தேடலிலும் அவருக்கு அது கிடைத்திருக்காது. ஒரு மாதத்துக்கு முன்னால் அது திரும்பி வந்தபோது ஏனோ ஒரு இரவு வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்திருந்தேன். அதனால் கையில் எடுத்துக் கொடுக்க முடிந்தது. அவர் அதை மூன்று முறை புதுப்பித்தார்.

ஒரு குழந்தை வந்து கேட்டது: ‘பயமா இருக்கணும், ஆனா யாரும் சாகக் கூடாது.’ இதற்கு எந்த எண்ணும் கிடையாது. குழந்தைகள் பகுதியில் இருப்பதையெல்லாம் யாராவது படித்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

தவறாகக் கொடுத்ததும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. சில வருடங்களுக்கு முன்பு வழக்கமாக வருகிற ஒரு அம்மா நீண்ட நாள் கழித்து வந்து, மனதுக்கு லேசாக ஏதாவது நாவல் இருந்தால் கொடுங்கள் என்றார். புதிதாக வந்த ஒன்றை, அட்டையின் பின்பக்கத்தில் போட்டிருந்த நாலு வரியை மட்டும் நம்பி, நல்லாயிருக்கும் என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அவர் மகள் வந்து திருப்பிக் கொடுத்தாள். கதையின் நடுவில் ஒரு பையன் விபத்தில் இறந்துபோகிறான் என்பதும், அந்த அம்மா தன் மகனை அப்படித்தான் இழந்திருந்தார் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மகள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த அம்மா மறுபடி வர ஏழெட்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு நான் படிக்காத எதையும் ‘நல்லாயிருக்கும்’ என்று சொல்வதில்லை. ‘நான் இன்னும் படிக்கவில்லை, படித்தவர்கள் இப்படிச் சொன்னார்கள்’ என்று மட்டும் சொல்கிறேன்.

இதனால்தான் வீட்டில் இரவு முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம், தவறாமல் படிக்கிறேன். ஒரே சமயத்தில் இரண்டு புத்தகம் இருக்கும். ஒன்று வேலைக்காக. அதில் எனக்குப் பிடித்தது பிடிக்காதது என்ற பேச்சே கிடையாது. துப்பறியும் கதைகள், ஜோதிடம், மாடித் தோட்டம், பங்குச்சந்தை, பதின்வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்கிற தொடர்கதைகள், எல்லாவற்றிலும் ஐம்பது பக்கமாவது படித்துவிடுவேன். யார் இதைக் கேட்பார்கள், எதற்காகக் கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஐம்பது பக்கம் போதும். ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதிவைப்பேன்: எழுத்து பெரிதாக இருக்கிறதா, மொழி கடினமா, சாவு வருகிறதா, முடிவு எப்படி. யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்பதை மட்டும் அதில் எழுதமாட்டேன். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம், அது என் வாயிலிருந்தோ நோட்டிலிருந்தோ வெளியே போகக் கூடாது என்பதை வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே மூத்த நூலகர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டாவது புத்தகம் எனக்காக. இதை நான் பிடிவாதமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறேன், ஏனென்றால் எதைப் படித்தாலும் ‘இது யாருக்கு ஆகும்’ என்ற கேள்வி கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது, அது வந்துவிட்டால் பழைய மாதிரி ஒரு கதைக்குள் காணாமல்போக முடிவதில்லை. இந்த வேலை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். அதனால் இரண்டு வருடமாகக் குறுந்தொகை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் நாலு அடியிலிருந்து எட்டு அடிக்குள் முடிகிற பாட்டுகள், நானூறு சொச்சம். ஒரு இரவுக்கு ஒன்று. உரையைப் பார்க்காமல் முதலில் இரண்டு தடவை வாய்விட்டுப் படிப்பேன், புரியாத சொல்லை அப்படியே விட்டுவைத்து, தூங்கி எழுந்து காலையில் உரையைப் பார்ப்பேன். பாதி நாள் நான் நினைத்தது தவறாக இருக்கும். அந்தத் தவறு யாருக்கும் கெடுதல் செய்யாது என்பதே பெரிய நிம்மதி.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸைப் பற்றி எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். பெரிய எழுத்தாளர் ஆகும் முன்பு அவர் ஒரு நகராட்சி நூலகத்தில் ஒன்பது வருடம் உதவியாளராக வேலை பார்த்தார், பட்டியல் போடுகிற வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மீதி நேரம் முழுக்க அடித்தளத்தில் உட்கார்ந்து படித்தார். பிறகு 1955-ல் அர்ஜென்டினாவின் தேசிய நூலகத்துக்கே இயக்குநரானபோது கிட்டத்தட்டப் பார்வையை இழந்திருந்தார். நூலகர் என்றால் படித்துக்கொண்டே இருப்பவர் என்ற படம் இப்படிப்பட்ட கதைகளிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அவர் வேலை பார்த்த அந்தச் சிறிய நூலகத்தில் பதினைந்து பேர் செய்யக்கூடிய வேலைக்கு ஐம்பது பேர் இருந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். இன்றைக்குப் பொது நூலகங்களில் நிலைமை நேர் எதிர். ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் வர வருடக்கணக்காகிறது, இருப்பவரே கதவும் திறக்கிறார், பெருக்குகிறார், வழங்கல் மேசையிலும் உட்காருகிறார், மாதாந்தர அறிக்கையும் அனுப்புகிறார்.

நம் நாட்டு நூலகவியலின் முன்னோடியான எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது, முதல் நாட்களில் தனியாகச் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தாங்க முடியாமல் ஆசிரியர் வேலைக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டார். அவர்தான் 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக எழுதினார், இன்று பல நாடுகளில் நூலகவியல் படிப்பில் அந்த ஐந்தும் வரும். அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இரண்டாவதைக் கணினியை வைத்துக்கொண்டு ஓரளவு ஒப்பேற்றிவிடலாம், வாசகர் கேட்கிறார், தேடுகிறோம், கொடுக்கிறோம். மூன்றாவது அப்படி நடக்காது. யாரும் கேட்காமல் அலமாரியில் பன்னிரண்டு வருடம் நின்ற புத்தகத்துக்கு அதற்கான ஆளைக் கண்டுபிடிக்க, அதைப் படித்த ஒருவர் அந்தக் கட்டிடத்துக்குள் இருக்கவேண்டும். இல்லையென்றால் யாரும் எடுக்காத புத்தகங்களை நூலகத்திலிருந்து நீக்குகிற கழிவு நீக்கப் பட்டியலில் அது முதல் வரிசையில் வரும். ஒவ்வொரு தடவை அந்தப் பட்டியல் போடும்போதும் கடைசி நிமிடத்தில் இரண்டு மூன்று புத்தகங்களை எடுத்து நுழைவாயில் மேசையில் முகம் தெரியும்படி வைத்துப் பார்ப்பேன். பாதிக்குப் பாதி யாராவது எடுத்துப்போகிறார்கள்.

ஒரு முறை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், என் கையில் திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, வேலை நேரத்தில் கதைப் புத்தகம் படிக்கிறீர்களா என்று கேட்டு அதைக் குறிப்பிலும் எழுதிவிட்டார். அன்று காலை வந்த புத்தகக் கட்டில் இருந்த நாவல் அது, எண் போடுவதற்காகப் புரட்டிக்கொண்டிருந்தேன். விளக்கம் எழுதிக் கொடுத்தேன், விஷயம் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் ஆள் நடமாட்டம் இருக்கும்போது புத்தகத்தைத் திறக்கவே கை வரவில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கவுண்டரில் வேறு ஒருவரை உட்காரவைத்துவிட்டு, புதிய புத்தகங்களை நூலகர் படிப்பதற்கென்றே வேலை அட்டவணையில் எழுதிக் கொடுத்தால் போதும். மருந்துக் கடையில் இருப்பவர் புதிதாக வந்த மருந்தின் குறிப்பைப் படித்தால் அதை யாரும் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை. எங்களுக்கும் அது அப்படித்தான்.

கடிதம் எழுதிய அந்த வாசகருக்கு ஒன்று. அடுத்த தடவை உங்கள் நூலகத்துக்குப் போகும்போது, அங்கே இருப்பவரிடம் ‘நீங்கள் சமீபத்தில் என்ன படித்தீர்கள்’ என்று கேளுங்கள். எங்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. கேட்டால் பத்து நிமிடம் விடமாட்டோம், நேரம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இனி உங்களிடம் உள்ள வேண்டுகோள். வாராவாரம் நீங்கள் போடுகிற நூல் அறிமுகப் பகுதியைத்தான் நாங்கள் வெட்டி ஃபைலில் வைத்து, கொள்முதலுக்குப் பரிந்துரை அனுப்பும்போது பார்க்கிறோம். அதில் பல சமயம் வெளியீட்டு விழாப் படம் பெரிதாக இருக்கிறது, பதிப்பகத்தின் பெயர் இல்லை. மொழிபெயர்ப்பு நூல் என்றால் மூல ஆசிரியர் பெயர் மட்டும் இருக்கிறது, தமிழில் கொண்டுவந்தவர் யார் என்றே இல்லை. ஒரே நாவலுக்கு மூன்று மொழிபெயர்ப்புகள் இருக்கும், எதை வாங்கச் சொல்வது? ஒவ்வொரு அறிமுகத்தின் கீழும் ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கம், ஐஎஸ்பிஎன் இந்த ஆறையும் சின்ன எழுத்தில் இரண்டு வரியாகப் போட்டால் போதும். முடிந்தால் எழுத்தின் அளவும். கண் மங்கின வாசகர்கள் எங்களிடம் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு பொது நூலகர்